மூன்றாம் டிவிஷனில் நாங்கள் மட்டும்

சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவனிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. சோம்பேறியிடம் கொடுத்தால் காரியம் தாமதமாகும், அவ்வளவுதான். சும்மா இருக்கத் தெரியாதவனிடம் கொடுத்தால், ஒழுங்காக முடிந்துபோன காரியத்தையும் திரும்பப் பிரித்துக் கெடுத்துவிடுவான். இதை நான் யாரையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஆசாமி நான்தான். (இந்தப் பத்தியை எழுதுவதற்குள் எழுந்துபோய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பட்டப்பகல். கதவு திறந்துதான் இருக்கவேண்டும்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, அரிமளத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலம். வெள்ளைக்காரன் எங்கேயோ யுத்தம் நடத்திக்கொண்டிருந்தான். யுத்தத்தால் எங்கள் ஊருக்கு வந்த கஷ்டம் இரண்டு. மண்ணெண்ணெய் கிடைக்காது. கால்பந்துக்குள் வைக்கிற ரப்பர் பிளாடர் கிடைக்காது.

எங்கள் ஊர் அரிமளத்தை ஒட்டிய சின்ன ஊர். ஊருக்கு ஒரு கால்பந்து டீம் உண்டு. எனக்குப் பந்தை உதைக்க வராது. உதைத்தால் பந்து நிற்கும், நான் போய்க்கொண்டிருப்பேன். ஆனால் இங்கிலீஷில் மனு எழுத வரும் என்பதால் என்னைச் செக்ரட்டரி ஆக்கினார்கள். எங்களிடம் இருந்த பந்தின் பிளாடரில் சைக்கிள் கடை ஒட்டுகள் அத்தனை இருந்ததால், பந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே எழும்பும். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோணல் பழகிப்போயிருந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் பழகவில்லை. அந்த வருஷம் சமஸ்தான லீகில் இரண்டாம் டிவிஷனில் நாங்கள் முதலாவதாக வந்ததற்கு வேறு காரணம் சொன்னால் அது பொய்.

இல்லை, இன்னொரு காரணம் இருந்தது. முத்தையா மச்சான். என் அக்கா சிவகாமியின் புருஷன். டீமில் செண்டர் ஃபார்வர்ட். ஆறடி உயரம், பேச்சு குறைச்சல். வானம் பார்த்த நிலத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்தார். வானம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சமஸ்தானப் போலீசில் பந்தாட்டத்துக்கென்று ஆள் எடுப்பார்கள். எடுக்கிற சுபேதார் முதல் டிவிஷனில் ஆடுகிறவர்களை மட்டும்தான் எடுப்பார். மச்சானுக்கு வயது வரம்பு தாண்ட இன்னும் ஒரு வருஷமே பாக்கி. எங்கள் டீம் மேலே ஏறினால் மச்சானுக்கு உத்தியோகம். ஏறாவிட்டால் வறண்ட காடு. அக்கா இதில் அவநம்பிக்கைக்கு இடம் வைக்கவில்லை. தெருவில் எல்லோரிடமும், "எங்க வீட்டுக்காரரு போலீசுல சேரப் போறாரு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள்.

அதுவரை வழக்கம் சுலபமானது. முதல் டிவிஷனில் கடைசியாக வருகிற டீம் கீழே இறங்கும், இரண்டாவதில் முதலாவதாக வருகிற டீம் மேலே ஏறும். அந்த வருஷம் லீக் கமிட்டிக்குத் தலைவராக வந்த வக்கீல் ஐயா ஒருவருக்கு இது போதவில்லை. ஜெயித்தால் மட்டும் பற்றாது, தரம் பார்க்கவேண்டும் என்றார். மைதானத்துக்கு மார்க், ஜனக்கூட்டத்துக்கு மார்க், ஒழுங்குக்கு மார்க். மேலே ஏற நினைக்கிற டீம், கீழே இறங்க இருக்கிற டீமைத் தன் ஊருக்கு அழைத்து ஒரு ஆட்டம் ஆடிக்காட்டவேண்டும். கமிட்டி நேரில் வந்து பார்த்து, யார் மேலே யார் கீழே என்று தீர்மானிக்கும்.

இதை நான் புதுக்கோட்டையில் கேட்டுவந்து சொன்னபோது மச்சான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"பந்து அடிக்கிறதுக்கும் மார்க்கு உண்டா மாப்ளே?" என்றார்.

"உண்டு மச்சான். கொஞ்சம்."

"அப்ப அதை நாங்க பாத்துக்கிறோம். நீ ஒண்ணும் செய்யாம இரு. அது போதும்."

அதுதான் என்னால் முடியாதே.

எங்கள் மைதானம் ஊர்க் கண்மாய்க்குள் இருந்தது. கோடையில் தண்ணீர் வற்றி மடைப் பக்கம் மட்டும் தேங்கி நிற்கும். மற்ற இடம் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிப்போகும். அங்கேதான் ஆட்டம். ஒரு கோல் கரைப் பக்கம், இன்னொரு கோல் தண்ணீர்ப் பக்கம். பந்து தண்ணீரில் விழுந்தால் கோலியே நீந்திப் போய் எடுத்துவருவார். நான் சுண்ணாம்பால் கோடு போட்டேன். பிறகு அது கோணல் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கோல் கம்பத்துக்கு வலை இருந்தால் கூடுதல் மார்க் என்று கேள்விப்பட்டேன். வலைக்கு எங்கே போவது? வீரப்பன் என்கிறவரிடம் நல்ல மீன் வலை இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கித் தண்ணீர்ப் பக்கத்துக் கோலில் கட்டினேன். பார்க்க ராஜ களையாக இருந்தது.

மிச்சம் ஜனக்கூட்டம். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வழக்கமாக வருவது ஆடு மேய்க்கிறவர்களும் ஆடுகளும். ஆடுகளுக்கு மார்க் போடமாட்டார்கள். இரண்டு நாள் தூக்கமில்லாமல் நடந்துகொண்டே யோசித்தேன். மூளை அப்படி வேலை செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னைக் கட்டிவைத்து அடிக்கலாம் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் கடைசிக்கு வந்ததும் ஒரு நாள் குறித்து மீன்பிடி நடக்கும். சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாம் திரண்டு வரும். அடியும் வாயும் திறந்த மூங்கில் கூடை ஒன்று உண்டு, ஊத்தா என்று பெயர். அதைத் தண்ணீருக்குள் கவிழ்த்து அமுக்கி, உள்ளே மாட்டிய மீனை மேல் வாய் வழியாகக் கைவிட்டு எடுப்பார்கள். எல்லோரும் ஊத்தாவோடு கரைமேல் காத்திருப்பார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் சாமி கும்பிட்டுவிட்டுக் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் வீசுவார். வீசினால் அவ்வளவுதான், பிறகு கண்மாயில் தண்ணீர் தெரியாது, தலைதான் தெரியும். துண்டு வீசாமல் யாரும் காலை நனைக்கமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு சர்க்கார் கச்சேரி உத்தரவுக்கும் கிடையாது.

கருப்பையா அம்பலத்திடம் போனேன். மீன்பிடியை ஆட்டத்தன்றைக்கே வைக்கவேண்டும், விடியலில் இல்லாமல் சாயங்காலம் ஆட்டம் முடிந்த பிறகு துண்டு வீசவேண்டும் என்றேன்.

"ஏன்டா, கெண்டைக்கும் பந்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் அவர்.

"கூட்டம் வேணும் ஐயா. கமிட்டி கண்ணுக்குக் கூட்டம் தெரியணும். ஆட்டம் முடிஞ்சு அவுக பஸ்ஸேறினப்பறம் நீங்க துண்டை வீசுங்க."

அவர் முடியாது என்றார். நான் போகவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எனக்குப் பயந்தோ, தலை சுற்றியோ, கடைசியில் ஒத்துக்கொண்டார். ஊர் ஊராகத் தண்டோரா போட வைத்தேன். "பந்து வெளையாட்டு முடிஞ்சு, அம்பலம் துண்டு வீசுனப்பறம்தான் எறங்கணும்! முன்னாடி எறங்குறவுக ஊத்தா பறிமுதல்!" வாசகம் நானே சொல்லிக் கொடுத்தது.

அன்றைக்கு ஆட்டம் மாலையில் என்றாலும் ஜனங்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். சாயங்கால மீன்பிடி என்பதை அவர்கள் நம்பவில்லை. வெயில் ஏற ஏறக் கரைமேல் கூட்டமும் ஏறியது. கட்டுச்சோறு தீர்ந்தது, குழந்தைகள் அழுதன, எல்லோரும் இருந்த இடத்திலேயே நெளிந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஒரு விரால் துள்ளினால் கரை முழுவதும் ஒரு பெருமூச்சு போகும். நானும் கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன்.

வக்கீல் ஐயா கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, குடையோடு வந்து இறங்கினார். கூடவே பூட்ஸ் போட்ட சுபேதார். ஆட்டத்துக்கு வல்லத்திராக்கோட்டை டீமும் வந்தது. முதல் டிவிஷனில் கடைசியாக வந்தவர்கள் அவர்கள்தான். பாவம், முகத்தில் ஈயாடவில்லை. கல்யாண வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகளைக் கரைக்குக் கீழே கோட்டோரம் போட்டிருந்தேன்.

வக்கீல் ஐயா கரையை அண்ணாந்து பார்த்தார். அசந்துபோனார்.

"இவ்வளவு பேரும் பந்தாட்டம் பார்க்கவா வந்திருக்காங்க?"

"ஆமாங்க."

"எல்லாரும் ஆளுக்கொரு கூடை வச்சிருக்காங்களே?"

"வெயிலுக்குங்க. தலையில கவுத்துக்குவாங்க."

அந்த நேரம் பார்த்து ஒருவர் உண்மையாகவே ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அது ஓட்டைக் கூடை. தலை வெளியே வந்துவிட்டது. வக்கீல் ஐயா அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தார். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. கூட்டம் மூச்சுக்கூட விடாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன ஒழுங்கு! என்ன கவனம்!" என்று வக்கீல் ஐயா சுபேதாரிடம் மெச்சிக்கொண்டார். ஒருவர் கண்ணும் பந்தில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அத்தனை கண்ணும் அம்பலத்தின் தோளில் கிடந்த துண்டில் இருந்தது. அவர் முகத்தைத் துடைக்கக்கூடப் பயந்துபோய் வியர்வையோடு விறைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். அவர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தார். "நீ ஓடுனா சனமும் ஓடும்போலத் தோணுது. இங்கிட்டே நில்லு" என்றார். முக்கியமான நாள் என்பதால் நானும் தோளில் ஒரு புதுத் துண்டு போட்டிருந்தேன். அதுவும் வெள்ளை.

இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காலில் நின்றேன், மறு காலில் நின்றேன், நகத்தைக் கடித்து முடித்துவிட்டேன். முடியப் போகிற நேரத்தில் மச்சானிடம் பந்து வந்தது. ஒருவரைத் தாண்டினார். இன்னொருவர் குறுக்கே வந்தபோது பந்து தன் சுபாவப்படி ஒரு பக்கம் சாய்ந்து எழும்பியது. மச்சானுக்கு அது தெரியும், எதிராளிக்குத் தெரியாது. தண்ணீர்ப் பக்கத்துக் கோலைப் பார்த்து ஓங்கி ஒரு உதை. வீரப்பனின் வலை புடைத்துக்கொண்டு பின்னால் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

சுபேதார் நாற்காலியைவிட்டு எழுந்து, "யாருய்யா அவன்?" என்றார்.

என் மச்சானைத்தான் கேட்கிறார்! உத்தியோகம் வந்துவிட்டது! அக்கா சொன்னது பலித்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. "கோல்!" என்று கத்தினேன். கத்தினால் போதாதா? தோளில் கிடந்த துண்டை உருவி, தலைக்கு மேலே சுழற்று சுழற்று என்று சுழற்றினேன்.

கரையில் அத்தனை தலையும் என் துண்டைப் பார்த்துத் திரும்பியது. பக்கத்தில் அம்பலத்தின் குரல் மட்டும் கேட்டது.

"அட படுபாவி! நான் இன்னும் சாமியே கும்பிடலையேடா!"

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. காலையிலிருந்து நெளிந்துகொண்டிருந்த கரை அப்படியே சரிந்து இறங்கியது. ஆணும் பெண்ணும் ஊத்தாவும் வலையுமாக மைதானத்தின் நடுவே ஓடினார்கள். நாற்காலிகள் போன இடம் தெரியவில்லை. (கல்யாண வீட்டுக்காரர்கள் என்னோடு இரண்டு வருஷம் பேசவில்லை.) நான் துண்டை ஒளித்துக்கொண்டு "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். ரெஃப்ரி விசில் மேல் விசிலாக ஊதினார். ஜனங்கள் அதை உற்சாகத்துக்காக ஊதுவதாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார்கள்.

முதல் ஆளாக வீரப்பன் தன் வலையைக் கோல் கம்பத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு போனார். ஒரு கம்பம் அவரோடே போய்விட்டது. வல்லத்திராக்கோட்டைக் கோலி தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றவர், கால் மேல் ஒரு கெளுத்தி ஏறவும் குனிந்து பிடித்துவிட்டார். அதைப் பார்த்து அவர் டீமே பனியனைக் கழற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்கியது. எங்கள் டீம் சும்மா இருக்குமா? அதுவும் இறங்கியது. இரண்டு டிவிஷனும் ஒரே சேற்றில் கலந்துவிட்டன. வக்கீல் ஐயா கூட்டத்தோடு கூட்டமாகத் தண்ணீர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகப்பட்டு, முழங்கால் சேற்றில் நின்று, "ஒழுங்கு! ஒழுங்கு!" என்று கூவினார். ஒரு அம்மாள் அவர் கையிலிருந்த குடையை வாங்கித் தலைகீழாக விரித்து, "கொஞ்சம் பிடிச்சுக்கங்க சாமி" என்று அதற்குள் இரண்டு விராலைப் போட்டுவிட்டு மறுபடி குனிந்தாள். அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு என்னதான் செய்வார்?

மைதானத்தில் ஒரே ஒருவர்தான் அசையாமல் நின்றார். மச்சான். ஓடுகிற ஜனங்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போக, பந்து எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கோலுதானே மாப்ளே?" என்று கேட்டார்.

நான் ரெஃப்ரியிடம் ஓடினேன். கோல் என்று தான் விசில் ஊதுவதற்குள் ஜனம் உள்ளே வந்துவிட்டதாகவும், இப்போது பார்த்தால் வலையும் இல்லை, கம்பமும் இல்லை, ஆகவே கோலும் இல்லை என்றும் அவர் சொன்னார். திரும்பி மச்சானிடம் போய் அதைச் சொல்லவேண்டியவன் நான்தான். சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "சரி விடு" என்று சொல்லிவிட்டுக் கண்மாயிலிருந்து கரையேறி வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு மீன் பிடிக்காமல் வீட்டுக்குப் போன ஒரே மனிதர் அவர். எனக்கு அங்கேயே அந்தச் சேற்றில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கமிட்டித் தீர்ப்பைக் கேட்கப் புதுக்கோட்டைக்குப் போனேன். வக்கீல் ஐயா என்னை உட்காரச் சொல்லவில்லை. ஜனக்கூட்டத்துக்கு முழு மார்க். சமஸ்தானத்திலேயே இவ்வளவு கூட்டம் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒழுங்குக்கு ஒன்றுமில்லை. மைதானத்துக்கும் ஒன்றுமில்லை, பரிசோதனையின் முடிவில் மைதானம் கண்ணுக்கே தெரியவில்லையாம். வல்லத்திராக்கோட்டை முதல் டிவிஷனிலேயே இருக்கும். அவர்களும் மீன் பிடித்தார்களே என்று கேட்டேன். அவர்கள் விருந்தாளிகள் என்றார்.

"அப்ப நாங்க இரண்டாம் டிவிஷன்லயே இருக்கணுங்களா?"

"இல்லை. இறங்கணும்."

"இரண்டாவதுக்குக் கீழே ஒண்ணும் இல்லீங்களே?"

"இனிமே இருக்கு. மூன்றாம் டிவிஷன்."

"அதில வேற யார் யாருங்க?"

"நீங்க மட்டும்தான்."

அடுத்த வருஷம் முழுவதும் நாங்கள் யாரோடும் ஆடவில்லை. வருஷக் கடைசியில் ஒரு யோசனை தோன்றி, வக்கீல் ஐயாவிடம் மனு எழுதிக்கொண்டு போனேன். மூன்றாம் டிவிஷனில் நாங்கள்தான் முதலிடம், ஆகவே மேலே ஏற்றவேண்டும் என்று வாதாடினேன். அவர் வக்கீல் அல்லவா? "கடைசி இடமும் நீங்கதான். இறக்கணும். கீழே டிவிஷன் இல்லாததாலே விட்டுவச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குள் மச்சானுக்கு வயது தாண்டிவிட்டது. அப்போது பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடிக்கொண்டிருந்த கரி பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தார். மேட்டில் பஸ் நின்றுவிட்டால் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொல்லி, தானும் தோள் கொடுப்பார். நல்ல மனிதர், அந்த வேலையையும் மனதாரத்தான் செய்தார். ஆனால் அக்கா முன்கூட்டியே பரப்பிய செய்தியைத் தெரு மறக்கவில்லை. கடைசிவரை அவருக்குப் பெயர் "போலீஸ்காரர்" தான்.

அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. கமிட்டி வழியையே பின்பற்றினாள். அவள் வீட்டில் எந்த விசேஷமானாலும் எனக்கு முதல் பந்தியும் கிடையாது, இரண்டாம் பந்தியும் கிடையாது. உட்காரப் போனால், "அங்கிட்டு எங்க போற? ஒன் டிவிஷன் கடைசியிலதான்" என்பாள். கூடப்பிறந்த தம்பி, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பந்தி பரிமாறியவர்களோடு உட்காருவேன். வருஷா வருஷம், "இந்தத் தடவையாச்சும் ஏத்தக்கூடாதாக்கா?" என்று கேட்பேன். "மார்க்கு பத்தலை" என்பாள்.

அவள் மூத்த மகன் கல்யாணத்தன்றைக்குத்தான் மனம் இளகினாள். தாய்மாமனைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? "வா, மொதப் பந்தியில ஒக்காரு. பேசாம ஒக்காரணும், புரியுதா?" என்றாள். உட்கார்ந்தேன். வரிசையில் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எதிரே மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

ரசம் முடிந்தது. பாயசம் வரவில்லை. எங்கேயாவது தடங்கலோ என்று எனக்கு ஒரே தவிப்பு. காலை மாற்றி மடக்கினேன். எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகு, சமையற்கட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துவரலாம் என்று எழுந்துவிட்டேன்.

பந்தியில் ஒருவர் எழுந்தால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தவர் மரியாதைக்காகச் சட்டென்று இலையை மடக்கி எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். பெண் வீட்டுத் தாத்தா மோருக்குக் காத்திருந்தவர், முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். வாளி நிறையப் பாயசத்தோடு ஆள் வந்தபோது வரிசையாக மடக்கிய இலைகள்தான் இருந்தன. எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். கோபத்தில் தொடங்கின முகம், சிரிப்பை அடக்க முடியாமல் எப்படியெப்படியோ போயிற்று. "மூணாம் டிவிஷன்! சாகுற வரைக்கும்!" என்றாள்.

இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எந்தப் பந்தி போட்டாலும், பேரன் பேத்திகள்கூட என் கையைப் பிடித்து இழுத்துக் கடைசி இலைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஏன் என்று விளக்கமும் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. பாயசத்தில் போட்ட முந்திரியெல்லாம் அண்டாவின் அடியில்தான் போய்த் தங்கும். கடைசிப் பந்திக்கு அக்காவே அண்டாவோடு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அகப்பையால் அடியை வழித்து என் இலையில் போடுவாள். மேலே ஏற்றச் சொல்லி நான் மனுப் போடுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது.